பறவை தேடி வந்த ஹியூம் துரை

நம் தீவுகளுக்குரிய அரசுப் பறவை எது என்று பள்ளியிற் பயிலும் சிறுவனைக் கேட்டால், அந்தமான் மரப்புறா என்று உடனே விடை வரும். இந்திய தேசிய காங்கிரஸைத் தோற்றுவித்த வெள்ளையர் யார் என்று கேட்டால், ஆலன் ஆக்டேவியன் ஹியூம் என்று அதற்கும் தாமதமின்றி விடை வரும். இவ்விரு விடைகளுக்கும் இடையே ஓர் உறவுண்டு என்பதைத்தான் பலரும் அறியார். அந்தமான் மரப்புறாவை 1873-ஆம் ஆண்டில் முதன்முதல் ஆராய்ந்து விவரித்து, உலகெங்கும் அறிவியலார் இன்றும் வழங்கும் பெயரை அதற்குச் சூட்டியவர் அந்த ஹியூமே ஆவார். காங்கிரஸ் பிறப்பதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்னதாக அவர் கையிலே துப்பாக்கியுடன் நம் தீவுகளுக்கு வந்து போனார்.

காங்கிரஸ் வரலாறு எழுதுவோர் அவருடைய பறவை வேட்டையை ஒரு வரியிலே முடித்துவிடுவர். பறவை நூல் எழுதுவோரோ காங்கிரஸை ஓர் அடிக்குறிப்பிலே தள்ளிவிடுவர். வாழ்ந்த மனிதர் ஒருவரே. தீவு வாழ் தமிழராகிய நமக்கு இரு பாதியும் வேண்டியனவாதலின், இம்மலரில் அவர் வாழ்க்கையைச் சுருங்க உரைக்க விழைகின்றோம். வேட்டைப் பகுதியைச் சற்று விரித்தே கூறுவோம்; அதுவே நம் மண்ணைத் தொட்ட பகுதி.

ஹியூம் 1829-ஆம் ஆண்டு ஜூன் மாதத்திற் பிறந்தார். தந்தையார் ஜோசப் ஹியூம் ஸ்காட்லாந்து நாட்டினர். இளமையிற் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக இந்தியாவிற் பணியாற்றிப் பொருளீட்டித் திரும்பியவர். பின்னர்ப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் சீர்திருத்தக் கட்சியின் தூணாக விளங்கி, அரசாங்கச் செலவில் ஒவ்வொரு காசுக்கும் கணக்குக் கேட்பவர் என்று பெயர் பெற்றவர். ஆள்வோரிடம் அஞ்சாது கணக்குக் கேட்கும் இக்குணம் மகனுக்கும் வந்து வாய்த்தது. ஹெய்லிபரியிற் கம்பெனி அலுவலர்க்கென நடந்த கல்லூரியிலும், லண்டன் மருத்துவமனையிலும் பயின்ற மகனார் 1849-இல் வங்காள சிவில் சர்வீஸில் அமர்ந்து, யமுனைக் கரையிலுள்ள எட்டாவா மாவட்டத்துக்கு வந்து சேர்ந்தார்.

எட்டாவாவில் அவர் செய்த பணி சிறிதன்று. கல்விக்கு அரசினர் பணம் ஒதுக்கத் தயங்கிய அக்காலத்தில், ஊர்ப் பெருமக்களின் ஒத்துழைப்பைப் பெற்று 1857-ஆம் ஆண்டுத் தொடக்கத்திற்குள் 181 பள்ளிகளை நிறுவினார்; அவற்றில் 5,186 மாணாக்கர் பயின்றனர். அத்தொகையிற் பெண்கள் இருவரே என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கள், சாராயம் ஆகியவற்றால் வரும் வருமானத்தை அவர் பாவத்தின் கூலியாகவே கருதினார். அதனை மறைக்காமல் மேலிடத்துக்கு எழுதியும் அனுப்பினார். அந்த ஆண்டே சிப்பாய்களின் பெரும் எழுச்சி மூண்டது. ஹியூம் ஆக்ரா கோட்டையில் ஆறு திங்கள் ஒதுங்கியிருந்து, 1858 ஜனவரியில் எட்டாவாவுக்கு மீண்டார். அக்கம்பக்கத்து மாவட்டங்களில் மரந்தோறும் மனிதரைத் தூக்கிலிட்ட வேளையில், அவர் ஆணையால் தூக்கிலிடப்பட்டவர் எழுவரே என்பர். எழுச்சிக்குக் காரணம் ஆட்சியாளரின் அறியாமையே என்று அவர் கருதியதால், தண்டனையினும் மன்னிப்பையே பெரிதும் கையாண்டார். அக்காலத்து வெள்ளை அதிகாரிகளிடையே இஃது எத்துணை அரிது என்பதை, 1858-இல் நம் தீவுகளுக்குக் கப்பல் கப்பலாக வந்திறங்கிய கைதிகளின் வரலாறு அறிந்தோர்க்கு நாம் விளக்க வேண்டுவதில்லை.

பின்னர் அவர் உள்நாட்டுச் சுங்கத்துறையின் ஆணையராகி, உப்புக் கடத்தலைத் தடுக்க நாட்டின் குறுக்கே வளர்த்த நெடிய முள்வேலியையும் மேற்பார்த்தார். உப்பு வரிக்காக வேலி வளர்த்தவரே உப்பு வரியை எதிர்த்த இயக்கத்துக்கும் வித்திட்டார் என்பது வரலாற்றின் விளையாட்டுகளில் ஒன்று. அது நிற்க.

இனி வேட்டைக்கு வருவோம். அக்காலத்தில் மேனாட்டு அதிகாரிகளுக்கு வேட்டை பொழுதுபோக்கு மட்டுமன்று, ஒரு சமயம் போன்றது. புலி வேட்டை ஆண்டுக்கு ஓரிருமுறை வாய்க்கும் பெருவிழா; நாள்தோறும் கைக்கு எட்டியது பறவை வேட்டையே. கௌதாரி, காடை, காட்டுக்கோழி, வரகுக்கோழி, உள்ளான், காட்டு வாத்து ஆகியவை அவர்கள் நாடிய பறவைகள். இவை தமிழர்க்குப் புதியவை அல்ல. சிவல் என்றும், இதல் என்றும், குறும்பூழ் என்றும் சங்கச் சான்றோர் பாடிய முல்லை நிலத்துப் பறவைகளே இவை. நம்மவர் கண்ணியும் வலையும் கொண்டு பிடித்ததை, அவர்கள் துப்பாக்கி கொண்டு பிடித்தார்கள், அவ்வளவே வேறுபாடு.

மேனாட்டு முறையில் இவ்வேட்டைக்கு உயிர் போன்றது பழக்கிய நாய். புதர்க்காட்டிற் பதுங்கியிருக்கும் கௌதாரி மனிதர் கண்ணிற் படாது. நாயின் மூக்கே அதனைக் கண்டறியும். சுட்டிக் காட்டும் சாதி நாய், மணம் பட்ட மாத்திரத்தில் முன்னங்காலொன்றைத் தூக்கியபடி கற்சிலைபோல நின்றுவிடும். வேட்டைக்காரர் பைய முன்சென்று பறவையை எழுப்பிச் சுடுவார். விழுந்ததைத் தேடி, பல் படாமற் கவ்விக் கொணர்ந்து காலடியில் வைக்கும் சாதி வேறு. இவற்றை இங்கிலாந்திலிருந்து கப்பலேற்றிக் கொணர்ந்த துரைமார் பலர். ஆயின் நம் நாட்டு வெயிலும், உண்ணியும், காய்ச்சலும் அந்நாய்களிற் பெரும்பாலனவற்றை விரைவிலே மாய்த்தன. எஞ்சியவற்றைச் சிறுத்தை கவர்ந்தது. நெருஞ்சியும் கள்ளியும் நிறைந்த தரையில் அவற்றின் பாதம் வெடித்தது. எனவே வடநாட்டுச் சமவெளிகளில் நாயின் இடத்தைக் கூலியாட்களின் வரிசையே பெற்றது. கோல் கொண்டு புல்லை அடித்து முன்னேறும் ஆட்களுக்குப் பின்னே துப்பாக்கிகள் செல்லும். வயலிற் சுட்ட உள்ளானைச் சேற்றிலிருந்து எடுத்து வரக் கிராமத்துச் சிறுவன் ஒருவன் போதும். காலணாவுக்கு அவன் காட்டிய கூர்மையை எந்த நாயும் காட்டியதில்லை என்றே நாம் எண்ணுகின்றோம்.

ஹியூமும் இவ்வழியிலே வேட்டையாடத் தொடங்கியவரே. ஆயின் மற்றவர் சுட்ட பறவை சட்டியிற் சேர, அவர் சுட்டதோ பெட்டியிற் சேர்ந்தது. விழுந்த பறவையைத் தோலுரித்து, பாஷாணம் கலந்த சவர்க்காரம் பூசி, பஞ்சு அடைத்து, காலிலே சீட்டொன்று கட்டுவார். எவ்விடம், எந்நாள், ஆணோ பெண்ணோ, அலகின் நிறம் யாது, கண்ணின் நிறம் யாது என்பனவெல்லாம் அச்சீட்டிலும் குறிப்பேட்டிலும் ஏறும். எழுச்சிக் காலத்தில் அவருடைய முதல் திரட்டு அழிந்தபோது சோராமல் மீண்டும் தொடங்கினார். 1872-இல் பறவைகளுக்கென்றே ஆங்கிலத்தில் ஓர் இதழை நிறுவினார்; உதிர்ந்த இறகுகள் என்று பொருள்படும் பெயர் கொண்டது அது. காவல் அதிகாரிகள், மருத்துவர், தோட்டத் துரைமார், ரயில்வே எஞ்சினீயர்கள் என நாடெங்கும் இருந்த அன்பர்கள் தாம் சுட்டதையும் கண்டதையும் அவருக்கு எழுதி அனுப்பினர். சிம்லாவில் ஜாக்கோ குன்றின்மீதிருந்த ராத்னி காசில் என்னும் மாளிகையை வாங்கி, அதிலே காட்சிச்சாலை அமைத்துத் தம் செலவிலே நடத்தினார். இந்தியப் பறவையியலின் போப்பாண்டவர் என்றும் அவர் அழைக்கப்பட்டார்.

அவர் வாழ்வில் நம் தீவுகள் முதலில் நுழைந்தது ஒரு துயரச் செய்தியாக. வைசிராய் மேயோ பிரபு உழவுத் தொழிலை வளர்க்க எண்ணி 1871-இல் வருவாய், வேளாண்மை, வணிகத் துறையென ஒன்றை ஏற்படுத்தி, ஹியூமை அதன் செயலாளராக்கினார். வருவாயினும் வேளாண்மைக்கே முதலிடம் வேண்டுமென்பது இருவர் கருத்துமாம். ஓராண்டு நிறையவில்லை. 1872 பிப்ரவரி 8-ஆம் நாள் மாலை, நம் துறைமுகத்துக்கு எதிர்க்கரையிலுள்ள ஹோப்டவுன் படித்துறையில், ஷேர் அலி என்னும் பட்டாணியக் கைதியின் கத்தியால் மேயோ மாண்டார். அக்கொலை ஒரு வைசிராயின் முடிவாக மட்டுமே பேசப்படுகின்றது. ஹியூமுக்கோ தம்மைப் புரிந்துகொண்ட ஒரே தலைவரின் இழப்பு அது. அதன்பின் அத்துறை பெயரளவில் வேளாண்மைத் துறையாகவும், உண்மையில் வரி வசூல் அலுவலகமாகவும் தேய்ந்தது.

அடுத்த ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஹியூம் கல்கத்தாவிலிருந்து கப்பலேறி நம் தீவுகளுக்குப் புறப்பட்டார். உடன் வந்தோர் சிறந்த அறிஞர்கள்: நிலவியலார் பெர்டினாண்டு ஸ்டோலிச்கா, வாலண்டைன் பால், கல்கத்தாக் காட்சிச்சாலையின் உட்மேசன். ஹியூமிடம் பறவைத் திரட்டுப் பணி செய்த டேவிசன் என்பாரும் தீவுகளிற் பறவை சேர்த்தார். இவரே பிற்காலத்தில் சிங்கப்பூர் ராபிள்ஸ் காட்சிச்சாலையின் பொறுப்பை ஏற்றவர். அப்போது சிற்றறைச் சிறை எழவில்லை. ராஸ் தீவிலே, இன்று நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவென வழங்கும் அவ்விடத்திலே, தலைமையிடம் இருந்தது. இன்று ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறியுள்ள போர்ட் பிளேர், காடு வெட்டும் கைதிகளின் முகாமாகவே இருந்தது. நிக்கோபாரோ 1869-இல்தான் ஆங்கிலேயர் கைக்கு வந்திருந்தது; கமோர்ட்டாவில் ஒரு சிறு கைதிக் குடியிருப்பு நடந்துவந்தது.

பழகிய வேட்டை முறை எதுவும் இங்கே செல்லுபடியாகவில்லை. அந்தமான் காடுகளுக்கு உரிய கௌதாரி இல்லை, காட்டுக்கோழி இல்லை, மயில் இல்லை. இன்று நாம் காணும் கௌதாரியும், ராஸ் தீவின் மயிலும் ஆங்கிலேயர் கொணர்ந்து விட்டவை. தரையிலே பதுங்கும் பறவை இல்லாதபோது சுட்டிக் காட்டும் நாய்க்கு என்ன வேலை? இங்குள்ள வேட்டைப் பறவைகளிற் பெரும்பாலன புறாக்கள். அவை நூறடிக்கு மேல் வளர்ந்த கர்ஜன், படாக் மரங்களின் உச்சியில் இலைகளோடு இலையாக அமர்ந்திருக்கும். அவற்றைக் கண்டுபிடிக்க நாயின் மூக்கு உதவாது. கழுத்து வலிக்க அண்ணாந்து நோக்கும் மனிதக் கண்ணே வேண்டும். சுட்டாலும் விழுவது பிரம்புப் புதரிலே. அதனுள் நாயும் நுழையாது, ஆளும் நுழையார்.

நாயைப்பற்றிக் கூறும்போது தீவுக்கே உரிய ஒரு செய்தியைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. அந்தமான் பழங்குடியினர் 1858-க்கு முன் நாயை அறியார். பல்லாயிரம் ஆண்டுகள் வில்லும் அம்பும் கொண்டு, தம் செவியையும் கண்ணையும் நம்பியே காட்டுப்பன்றியை வேட்டையாடி வந்தனர். கைதிக் குடியிருப்பு ஏற்பட்டபின் நாய்கள் அவர்கள் கைக்குச் சென்றன. அந்தமானியரும் பின்னர் ஓங்கேயரும் அவற்றைப் பன்றி வேட்டைக்குப் பழக்கிக் குடும்பத்தில் ஒருவராகவே போற்றினர். வெளியாரை அணுகவிடாத ஜாரவாக்களும் சென்டினல் தீவினரும் நெடுங்காலம் நாயின்றியே வேட்டையாடினர். ஆக, மேனாட்டார் நாயோடு வந்து நாயைப் பயன்படுத்த முடியாமல் நின்ற அதே காட்டில், நாயையே காணாதவர் அதனை ஏற்றுச் சில பத்தாண்டுகளிற் கைதேர்ந்தனர். வேட்டை நாயின் வரலாறு எழுதுவோர் இதனை ஏனோ மறந்துவிடுகின்றனர்.

ஹியூமின் குழு அந்தமானிலிருந்து நிக்கோபார் தீவுகளைக் கண்டு, பேரன் எரிமலைத் தீவு, நார்கொண்டம், கோகோ தீவுகள் முதலியவற்றையும் பார்த்தது. நிலவியலார் எரிமலையை அளக்க, ஹியூம் பறவைகளை நாடினார். நார்கொண்டத்தில் அவர் கண்டது உலகில் வேறெங்கும் இல்லாத ஓர் இருவாசி. ஏறத்தாழ ஏழு சதுர கிலோமீட்டரே பரப்புள்ள அத்தனித் தீவில், சுற்றிலும் கடல் சூழ, அத்திப்பழம் தின்று வாழும் பெரிய அலகுடைய பறவை அது. அதற்கு அத்தீவின் பெயரையே இட்டார். அந்தமான் வாத்து என்று நாம் வழங்கும் வெண்கண்டத்துச் சிறு வாத்தும், அந்தமான் கொண்டைக்குருவியும், நண்பர் பாலின் பெயர் தாங்கிய சிறு ஆந்தையும் அவ்வாண்டே அவரால் விவரிக்கப்பட்டன. 1875-இல் மற்றோர் ஆந்தைக்கு, தீவு அலுவலரும் நிக்கோபாரிய மொழி வல்லுநருமான டி ரோப்ஸ்டார்ப் என்பாரின் பெயரைச் சூட்டினார். அவ்வலுவலர் 1883-இல் கமோர்ட்டாவில் ஒரு படைவீரனாற் கொல்லப்பட்டார். ஆந்தை இன்னும் அவர் பெயரைச் சுமந்து நம் தென்னந்தோப்புகளின்மேற் பறக்கின்றது. இப்பயண வரலாறும் தீவுப் பறவைகளின் முழுப்பட்டியலும் 1874-இல் அவருடைய இதழில் வெளிவந்தன.

நிக்கோபாரில் மட்டும் தரைவாழ் வேட்டைப் பறவைகள் உண்டு. புல்வெளிகளில் மிகச் சிறிய காடை ஒன்று வாழ்கின்றது. மற்றொன்று மண்மேட்டுக்கோழி. கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டங்களுக்கு இலங்கையிலிருந்து வந்து குடியேறிய நம் மக்களிற் பலர் இதனைக் கண்டிருப்பர். பெருங்கால்களையுடைய இக்கோழி அடைகாப்பதில்லை. கடற்கரையை ஒட்டிய காட்டில் மணலையும் சருகையும் காலாற் சீய்த்து மேடாகக் குவித்து, அதனுள்ளே முட்டையைப் புதைத்துவிடும். சருகு மக்கும்போது எழும் வெப்பமே முட்டையைப் பொரிக்கும். குஞ்சு சிறகு முளைத்தே வெளிவந்து, தாயைத் தேடாமல் தன் வழியே போகும். அதன் இறைச்சியும் முட்டையும் சுவையானவை. அதுவே அதற்குக் கேடாயிற்று. 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலை கரையோரத்து மேடுகளை வாரிச் சென்றபோது இக்கோழியின் தொகை பெரிதும் குறைந்தது.

ஹியூம் இத்தீவுப் பறவைகளையும் சேர்த்தே தம் பெருநூலை எழுதினார். இந்தியா, பர்மா, இலங்கை ஆகிய நாடுகளின் வேட்டைப் பறவைகள் என்னும் அந்நூலை மார்ஷல் என்பவரோடு சேர்ந்து 1879 முதல் 1881 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். வேட்டைக்காரர்க்கென எழுதிய நூல்தான். எனினும் பறவையின் இருப்பிடம், உணவு, கூடு, குரல், பருவம் என வேட்டைக்கு வேண்டாத செய்திகளே அதில் மிகுதி. பன்னூறு வேட்டைக்காரரின் கடிதங்களை அலசி, உண்மையையும் புளுகையும் பிரித்தெடுத்த பொறுமை அதில் விளங்குகின்றது. வேட்டைக் கதை கேட்ட அனுபவமுடையோர் அப்பொறுமையின் அளவை ஊகித்துக்கொள்ளலாம். வண்ணப்படங்கள் பல அவர் மனத்துக்கு உகந்தவாறு அமையாதது அவருக்குப் பெருங்குறை.

நூல் வெளிவரத் தொடங்கிய 1879-இலேயே அரசாங்கம் அவரைத் தண்டித்தது. மேலதிகாரிகளின் கொள்கைகளை முகத்துக்கு நேரே கண்டிக்கும் செயலாளரை எந்த அரசு பொறுக்கும்? துறை கலைக்கப்பட்டது, ஹியூம் அலகாபாத் வருவாய் வாரியத்துக்குத் தாழ்த்தி அனுப்பப்பட்டார். 1881-இல் அலுவல் நிமித்தம் மணிப்பூர் சென்றபோது அங்கே இறுதியாக ஒரு பெருவேட்டை நிகழ்ந்தது. மணிப்பூர்க் காடை என்னும் அரிய பறவையையும், நீண்ட வாலுடைய அழகிய காட்டுச்சேவல் ஒன்றையும் கண்டு விவரித்தார். சேவலுக்குத் தம் மனைவியார் மேரியின் நினைவாகப் பெயரிட்டார். பத்தாண்டுகளுக்குப் பின் அதே மணிப்பூரிலிருந்து அரசர் குலச்சந்திரரும் வீரர்களும் கைதிகளாக நம் தீவுக்குக் கொணரப்பட்டனர். ஹாரியட் குன்று 2021 முதல் மணிப்பூர்க் குன்று எனப் பெயர் பெற்றிருப்பது அவர்கள் நினைவாகவே. 1882-இல் ஹியூம் பதவி துறந்தார்.

துப்பாக்கியைத் துறந்ததும் ஏறக்குறைய அக்காலத்திலேதான். பிளவாட்ஸ்கி அம்மையாரும் ஆல்காட்டும் நடத்திய பிரும்மஞான சங்கத்தில் அவர் சேர்ந்தார். சில ஆண்டுகளில் அம்மையாரோடு பிணங்கி விலகினார் எனினும், அங்கே பெற்ற கொல்லாமை விரதம் அவரை விட்டு விலகவில்லை. ஊன் உண்பதை நிறுத்தினார், உயிர்க்கொலையையும் நிறுத்தினார். இதனை ஒரு நொடியில் நிகழ்ந்த மனமாற்றமாகக் கதைபோலக் கூற நாம் விரும்பவில்லை. முப்பதாண்டுகள் பறவைகளை அத்துணை நெருங்கிப் பார்த்த கண்ணுக்குள் அம்மாற்றம் மெல்ல மெல்ல முதிர்ந்திருக்கவேண்டும் என்றே கருதுகின்றோம். ஆயிரமாயிரமாகக் கொன்றவர் என்ற கணக்கையும் நாம் மறைக்க வேண்டுவதில்லை. அக்கணக்கே இல்லாதிருப்பின் நம் தீவுகளில் என்னென்ன பறவைகள் இருந்தன என்பதற்கு உறுதியான சான்றும் இராது. இவ்விரண்டும் உண்மையே, ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அழிக்க இயலாது.

அடுத்து வந்தது அவர் வாழ்வின் பேரிடி. இந்தியப் பறவைகள் அனைத்தையும் பற்றிய முழுநூல் ஒன்றை எழுதவேண்டுமென்று பல்லாண்டுகளாகக் கையெழுத்துக் குறிப்புகளைத் திரட்டி வைத்திருந்தார். 1883-ஆம் ஆண்டு வாக்கில், அவர் வெளியூர் சென்று மீள்வதற்குள், வேலையாள் ஒருவன் அக்கட்டுகளைத் திருடிச் சிம்லா கடைவீதியில் பழைய காகிதமாக விற்றுவிட்டான். வாழ்நாள் உழைப்பு மளிகைப் பொட்டலம் ஆயிற்று. கனமழையால் மலைச்சரிவு ஏற்பட்டுக் காட்சிச்சாலையும் சேதமுற்றது. மனம் உடைந்த ஹியூம், எஞ்சிய திரட்டு முழுவதையும் விலையின்றிப் பிரிட்டிஷ் காட்சிச்சாலைக்குக் கொடுக்க முன்வந்தார். 1885 மே மாதத்தில் அக்காட்சிச்சாலையின் பறவைப் பிரிவுத் தலைவர் பௌட்லர் ஷார்ப் சிம்லாவுக்கு வந்து நேரிலே கட்டு கட்டினார். தேவதாரு மரத்தால் ஆணி அடிக்காமற் செய்த 47 பெட்டிகள், ஒவ்வொன்றும் அரை டன் எடை. மலையிறங்கி, மாட்டு வண்டியேறி, பம்பாய்த் துறைமுகம் சேர்ந்தன. மொத்தம் 82,000 பொருள்கள். காட்சிச்சாலையின் கணக்கில் இறுதியில் ஏறியவை 75,577. நம் நார்கொண்டம் இருவாசியும் மரப்புறாவும் அப்பெட்டிகளில் அடங்கிக் கடல் கடந்தன.

அந்த 1885-ஆம் ஆண்டு முடிவதற்குள் ஹியூம் வேறொரு திரட்டைத் தொடங்கிவிட்டார். இம்முறை திரட்டியது மனிதர்களை. கல்கத்தாப் பல்கலைக்கழகப் பட்டதாரிகளுக்கு 1883 மார்ச்சிலேயே அவர் ஒரு கடிதம் எழுதி, நாட்டுக்காகத் தன்னலம் துறக்கும் ஐம்பது பேர் முன்வரவேண்டுமென வேண்டியிருந்தார். பறவைக்காக ஊர் ஊராகக் கடிதம் எழுதிய அதே கை, அதே ஒழுங்கு, அதே சலியாமை, பொருள்தான் மாறியது. 1884 டிசம்பரில் அடையாற்றுப் பிரும்மஞான மாநாட்டை ஒட்டிச் சென்னையிற் கூடிய அன்பர்களின் ஆலோசனையும் இதற்குத் துணை செய்தது என்பர். 1885 டிசம்பர் 28-ஆம் நாள் பம்பாய் கோகுல்தாஸ் தேஜ்பால் சமஸ்கிருதக் கல்லூரியில் 72 பிரதிநிதிகளுடன் காங்கிரஸ் கூடியது. முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் தஞ்சைத் தரணி தந்த ஜி. சுப்பிரமணிய ஐயர் என்பதில் தமிழராகிய நமக்கு நியாயமான பெருமை உண்டு. 1887-இல் மூன்றாவது மகாசபை சென்னையிற் கூடியபோது பிரதிநிதிகள் தொகை 600-ஐக் கடந்தது. காங்கிரஸ் இன்னது என்று குடியானவரும் அறியும்படி வீரராகவாச்சாரியார் தமிழில் எழுதிய வினாவிடை நூல் அக்காலத்திற் கிராமந்தோறும் பரவியது. அதனை ஆட்சியாளர் வெறுத்த வெறுப்பும் ஹியூமின் தலைமேலேதான் விழுந்தது; இராசத் துரோகி என்று தம் இனத்தாரே தூற்றினர்.

அவர் பேரரசை உடைக்க எண்ணியவர் அல்லர். ஆள்வோர்க்கும் ஆளப்படுவோர்க்கும் இடையே பேச்சுக்கு ஒரு வழி திறவாவிடின் மற்றொரு 1857 வரும் என்று அஞ்சியவர் என்பதே பொருந்தும். காங்கிரஸ் பிற்காலத்தில் எடுத்த வடிவத்தை அவர் எதிர்நோக்கியிரார். அவ்வியக்கத்தின் வழிவந்தோரும், அதனினும் தீவிரமான வழி சென்றோரும் நம் சிற்றறைச் சிறையில் வந்து செக்கிழுப்பார்கள் என்பதையும், 1873-இல் இக்கரையிற் பறவை தேடி நடந்தபோது அவர் கனவிலும் கண்டிரார்.

மனைவியார் 1890-இல் மறைந்தார். 1894-இல் ஹியூம் இந்தியாவை விட்டு லண்டன் சென்று, நகரின் தென்பகுதியில் வாழ்ந்தார். பறவையைத் தொடாத அவர் கை அங்கே செடிகொடிகளைத் தொட்டது. உயிரைக் கொல்லாமற் செய்யக்கூடிய திரட்டு தாவரத் திரட்டே என எண்ணினார் போலும். முதிய வயதிற் புல்லும் பூவும் சேர்த்து உலர்த்தி, 1910-இல் தம் பொருளைக் கொண்டு தென் லண்டன் தாவரவியல் நிலையத்தை நிறுவினார். அஃது இன்றும் நடந்துவருகின்றது. அவர் அனுப்பிய பறவைகள் இப்போது இங்கிலாந்தின் டிரிங் என்னும் ஊரிலுள்ள காட்சிச்சாலையில், காலிற் கட்டிய சீட்டோடு உள்ளன. ஆராய்ச்சியாளர் இன்றும் அவற்றை எடுத்துப் பார்க்கின்றனர். இங்கே நம் காடுகளிலோ, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்பின் அவர் சுட்டதுபோல் ஒருவரும் சுடுதல் இயலாது. நார்கொண்டத்தில் ராடார் நிலையம் அமைக்கும் திட்டத்துக்கு 2012-இல் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் இசைவு மறுத்தபோது, மறுப்புக்குக் காரணமாக நின்றது அவர் பெயரிட்ட அந்த இருவாசிதான்.

ஹியூம் 1912 ஜூலை 31-ஆம் நாள் தம் எண்பத்து மூன்றாம் வயதில் லண்டனிற் காலமானார். செய்தி எட்டாவாவை எட்டியதும், அவர் அவ்வூரை விட்டு நீங்கி நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தும், கடைவீதி முழுவதும் அடைக்கப்பட்டது. ஊரார் கூடி இரங்கற் கூட்டம் நடத்தினர்; மாவட்டக் கலெக்டரே அதற்குத் தலைமை வகித்தார்.